‘பில்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலத் தொடங்கும் மாணவன் முதலிரண்டு ஆண்டுகளுக்குள்ளே சந்திக்கும் சொற்களுள் ‘பில்ட்’ என்பது ஒன்று. வீடு கட்டுதல், பாலம் கட்டுதல், பறவை கூடு கட்டுதல் ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்லே போதும். அதன் பொருளை விளக்க ஆசிரியருக்கு அரை நிமிடமும் வேண்டியதில்லை. எழுத்துக்கூட்டிலேதான் தொல்லை. ‘பி’ என்னும் எழுத்துக்கும் ‘ஐ’ என்னும் எழுத்துக்கும் இடையிலே ‘யூ’ என்றோர் எழுத்து வாய் திறவாமல் அமர்ந்திருக்கிறது. மாணவன் அதனை விட்டுவிட்டு எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மையினாற் சுழிக்கிறார். ஏன் அந்த எழுத்து என்று துணிந்து கேட்கும் பிள்ளைக்கு, ஆங்கிலம் அப்படித்தான் என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். அது மறுமொழியன்று. அந்த எழுத்துக்கு ஒரு கதை உண்டு. சொல்லுக்கு அதனினும் பெரிய கதை உண்டு.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலே இச்சொல் ‘பியூல்டன்’ என்பதற்கு ஏறத்தாழ ஒத்த ஒலியுடன் வழங்கியது. அதன் முதலுயிர் இகரமுமன்று, உகரமுமன்று. உதடுகளை உகரத்துக்குக் குவித்துக்கொண்டு இகரத்தைச் சொன்னால் எழும் ஒலி அது. தமிழிலே அதற்கு எழுத்தில்லை. பிற்காலத்தில் அவ்வொலி நாட்டின் பகுதிக்கொரு வகையாகத் திரிந்தது. வடக்கிலும் கிழக்கிலும் அது இகரமாயிற்று. தென்கிழக்கிலே, கெண்ட் நாட்டில், எகரமாயிற்று. மேற்கிலோ பழைய ஒலி நெடுங்காலம் நிலைத்தது. பிரெஞ்சு முறையிற் பயின்ற எழுத்தர்கள் அந்த மேற்கத்திய ஒலியை ‘யூ’ என்னும் எழுத்தாற் குறித்தனர். இலண்டன் மாநகர் எல்லாப் பகுதி மக்களும் வந்து கலந்த இடம். ஆகவே சில சொற்களில் ஒரு பகுதியின் எழுத்தும் இன்னொரு பகுதியின் ஒலியும் ஒன்றாகத் தங்கிவிட்டன. ‘பிசி’ என்னும் சொல்லிலே ‘யூ’ எழுதி இகரம் ஒலிப்பதும், அடக்கஞ் செய்தலைக் குறிக்கும் ‘பெரி’ என்னும் சொல்லிலே ‘யூ’ எழுதி எகரம் ஒலிப்பதும் இக்காரணத்தாலேயே. ‘பில்ட்’ என்பதிலோ இரு எழுத்தும் அருகருகே நின்றுவிட்டன. அவை இரண்டும் எவ்வாறு ஒருங்கே நிலைபெற்றன என்பதில் அறிஞர் முழுதும் ஒருமனப்படவில்லை. எனினும் அந்த ஒலியாத எழுத்து அச்சுக்காரரின் பிழையன்று என்பதும், மறைந்துபோன ஓர் ஒலியின் அடையாளம் என்பதும் பொருத்தமான கருத்தேயாகும்.

இறந்தகால வடிவமும் இவ்வாறு மாறியதே. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பிலே ‘பில்டெட்’ என்ற வடிவத்தைக் காணலாம். இன்று ஒரு மாணவன் அப்படி எழுதினால் மதிப்பெண் குறையும். மன்னன் ஜேம்ஸ் காலத்து மொழிபெயர்ப்பாளர்க்கோ அது பிழையன்று.

இனிப் பொருளுக்கு வருவோம். பழைய ஆங்கிலத்திலே வீடு கட்டுதலைக் குறிக்கப் பெருவழக்காக இருந்த சொல் ‘பில்ட்’ அன்று. அந்த இடத்தை வகித்தது ‘திம்பிரியன்’ என்றொரு சொல். இன்று மரம், பலகை என்ற பொருளில் வழங்கும் ‘ரிம்பர்’ என்பதே அதன் எச்சம். ‘ரிம்பர்’ முதலில் வீட்டையே குறித்தது. பின்னர் வீட்டுக்கான பொருளைக் குறித்தது. அதன் பின்னரே, வெட்டப்படாது காட்டில் நிற்கும் மரத்தையும் குறிக்கலாயிற்று. ஜேர்மன் மொழியிலே ‘சிம்மர்’ என்றால் இன்றும் அறை என்பது பொருள். ‘சிம்மர்மான்’ என்றால் தச்சன்.

இதிலிருந்து அக்காலத்து ஆங்கிலேயர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதும் புலனாகிறது. உரோமர் பிரித்தானியாவிலே கல்லாலும் செங்கல்லாலும் நகரங்களையும் கோட்டைகளையும் எழுப்பினர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் ஆட்சி நீங்கியது. அதன்பின் வடகடல் தாண்டி வந்து குடியேறிய ஆங்கிலரும் சாக்சனியரும் மரத்தாலேயே கட்டினர். கல்லைப்பற்றிய சொற்கள் பல அவர்களிடம் இல்லை; மதிலுக்கும் ஓட்டுக்கும் கல் பாவிய வீதிக்கும் ஆங்கிலத்தில் இன்று வழங்கும் ‘வோல்’, ‘ரைல்’, ‘ஸ்ரீட்’ என்பன மூன்றும் இலத்தீனிலிருந்து பெற்றவை. 627ஆம் ஆண்டில் எட்வின் மன்னன் யோர்க் நகரிலே ஞானஸ்நானம் பெற்றபோது அவசரமாக எழுப்பிய தேவாலயம் மரத்தாலானது என்று பீட் என்னும் துறவி தம் வரலாற்றிலே எழுதியிருக்கிறார். 674ஆம் ஆண்டில் வேர்மவுத் என்னுமிடத்திலே மடாலயம் அமைத்த பெனடிக்ட் பிஸ்கொப், உரோமர் முறையிலே கற்கோயில் கட்டுவதற்குக் கோல் நாட்டிலிருந்து கல்வேலைக்காரரை அழைத்துவர வேண்டியிருந்தது. சாளரங்களுக்குக் கண்ணாடி செய்வோரையும் அங்கிருந்தே தருவித்தார். அயலிலே உரோமர் கட்டிய மாபெரும் மதில் நின்றுகொண்டிருந்த நாட்டில், கல்லடுக்கத் தெரிந்தவர் இல்லாத காலம் அது!

அந்த மரவீட்டைப் பற்றிய சொல்லோவியம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. 899இல் மறைந்த அல்பிரட் மன்னனுடையதென வழங்கும் ஒரு நூலின் முன்னுரை அது. அகுஸ்தீன் முனிவரின் நூலொன்றைத் தம் மக்களின் மொழியிலே ஆக்கித் தந்தபோது எழுதப்பட்டது. கையெழுத்துப் பிரதியின் தொடக்கம் சிதைந்திருப்பதால், இடையிலிருந்தே பேச்சுத் தொடங்குகிறது. ஒருவன் காட்டுக்குச் செல்கிறான். தூணுக்கும் விட்டத்துக்கும் கைப்பிடிகளுக்கும் தக்க மரங்களைத் தன்னால் இயன்ற அளவு வெட்டிச் சுமந்துவருகிறான். காட்டையே வீட்டுக்குக் கொண்டுவர முடியாதே என்று ஏங்குகிறான். வண்டி உடையவர் எல்லோரும் அக்காட்டுக்கே சென்று மரம் ஏற்றி வந்து, மாரியிலும் கோடையிலும் இனிதிருக்கத்தக்க வீடுகளை அமைத்துக்கொள்ளுங்கள் என்று அழைக்கிறான். காடென்று அவர் குறித்தது அகுஸ்தீன், கிரகரி, ஜெரோம் ஆகியோர் இயற்றிய நூல்களை. மரம் வெட்டியவன் கற்றவன். தம் நாட்டிலே கல்வி அழிந்துவிட்டதே என்று வருந்திய ஒரு மன்னனுக்கு, படிப்பைப் பற்றிப் பேச வேறு உவமை தோன்றவில்லை. தச்சனின் கோடரியே தோன்றியது. அவர் அங்கே ஆண்ட சொல் ‘திம்பிரியன்’.

அம்முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. தலைவனிடம் வாடகை நிலம் பெற்று, அவன் துணையோடு வீடு கட்டியவன், அதிலே சிறிது காலம் தங்க விரும்புவான். வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்வான். என்றேனும் ஒருநாள் தலைவன் அருளால் நிலம் தனக்கே உரிமையாகும் என்று காத்திருப்பான் என்கிறார். கட்டுதல் ஒன்று, குடியிருத்தல் மற்றொன்று, உரிமை மூன்றாவது. பிறர் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த எவருக்கும் அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

‘திம்பிரியன்’ பின்னர் வினையாக வழங்குதல் அருகிற்று. அதன் இடத்தைப் பிடித்த ‘பில்ட்’ எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்திலே ‘போல்ட்’ என்றொரு பெயர்ச்சொல் உண்டு. அஞ்சாமையைக் குறிக்கும் ‘போல்ட்’ வேறு, இது வேறு. இதன் பொருள் குடியிருக்கும் வீடு, மனை. ‘பெயோவுல்ப்’ என்னும் பழங்காப்பியத்திலே, அரக்கரை வென்று திரும்பிய வீரனுக்கு மன்னன் நிலமும் அரியணையும் வழங்கும்போது, கூடவே ஒரு ‘போல்ட்’டும் வழங்குகிறான். இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் ஒளிந்திருக்கிறது. ‘நியூபோல்ட்’ என்னும் பெயருடைய ஊர்கள் பல உள; புதுமனை என்பதே அதன் பொருள். லிவர்பூலை அடுத்த ‘பூட்டில்’ என்னும் ஊரின் பெயரும் இதே சொல்லின் வேறு வடிவம். ஆகவே ‘பில்ட்’ என்பதன் முதற்பொருள் கல்லைக் கல்மேல் அடுக்குவதன்று; மனை அமைத்தல், குடியிருப்புச் செய்தல் என்பதே. பாலத்துக்கும் கப்பலுக்கும் மதிலுக்கும் அச்சொல் பிற்பாடுதான் சென்றது.

சொல்லின் வேரை இன்னும் தோண்டினால், ஐரோப்பிய மொழிகளுக்கும் வடமொழிக்கும் பொதுவான ஒரு மூலத்தை அறிஞர் காட்டுவர். 1786ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கல்கத்தாவிலே சேர் வில்லியம் ஜோன்ஸ் நிகழ்த்திய சொற்பொழிவிலே, வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தனவாதல் வேண்டும் என்று கூறினார். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்காலம் ஜேர்மனியரும் தென்மார்க்கினரும் செய்த ஆராய்ச்சி அதனை உறுதிப்படுத்தியது. அம்முறைப்படி ‘பில்ட்’ என்பதன் வேர் இருத்தல், ஆதல், வளர்தல் என்னும் பொருளுடையது. வடமொழியில் அது ‘பூ’ என்னும் தாது. ‘பூமி’ அதிற் பிறந்தது. ‘பவனம்’ அதிற் பிறந்தது. கொழும்பு வீதிகளிலே சைவ உணவுச்சாலைப் பெயர்ப்பலகைகளிற் காணும் ‘பவன்’ என்னும் சொல்லும், அக்கடை அமைந்திருக்கும் ‘பில்டிங்’ என்னும் சொல்லும் தூரத்து உறவினர்! கிரேக்கத்திலே இயற்கையைக் குறிக்கும் ‘பூசிஸ்’ அவ்வேரினது. ‘பிசிக்ஸ்’ என்று மாணவர் அஞ்சும் பாடத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. இலத்தீனிலே இனி ஆகவிருப்பது என்னும் பொருளிற் பிறந்தது ‘பியூச்சர்’. ஆங்கிலத்தில் இருத்தலைக் குறிக்கும் மிகச் சிறிய வினையான ‘பீ’ என்பதும் அதுவே.

வீட்டோடு ஒட்டிய வேறு சில சொற்களும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அயலவனைக் குறிக்கும் ‘நேபர்’ என்பதன் பொருள் அருகிற் குடியிருப்பவன். தென்னாபிரிக்காவிலே குடியேறிய ஒல்லாந்தர் வழியினரைக் குறித்த ‘போயர்’ என்பது உழவன் என்னும் பொருளது. நாகரிகமற்றவன் என்று இகழும் ‘பூர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் அதன் உடன்பிறப்பே. உழவனின் பெயரை வசைச்சொல்லாக்கியவர் உழாதவரே என்பதில் ஐயமில்லை. தென்மார்க்கிலிருந்து வந்து இங்கிலாந்திற் குடியேறியோர் தம் ஊர்களுக்கு இட்ட ‘டார்பி’, ‘விட்பி’ முதலிய பெயர்களின் ஈற்றிலுள்ள ‘பி’ குடியிருப்பைக் குறிக்கும். நகரசபைகளும் கிராமசபைகளும் இயற்றும் ‘பைலோ’வை உபவிதி என்கிறோம், ஆனால் அதன் முதற்பாதி உப என்ற பொருளுடையதன்று. ஊர்ச்சட்டம் என்பதே அதன் பழம்பொருள். கணவனைக் குறிக்கும் ‘ஹஸ்பன்ட்’ என்பதும் அவர்கள் தந்ததே. வீட்டிற் குடியிருந்து அதனை ஆள்பவன் என்பது பொருள். திருமணமானவன் என்னும் கருத்து அதிலே முதலில் இல்லை; வீடுடையவன் என்னும் கருத்தே இருந்தது.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வழக்கிழந்த ‘திம்பிரியன்’ என்பதற்கும் ஒரு பெருங்குடும்பம் உண்டு. இலத்தீனிலும் கிரேக்கத்திலும் வீட்டைக் குறிக்கும் ‘டோமுஸ்’, ‘டொமொஸ்’ என்பன அதன் உறவு. வேதமொழியிலே வீட்டைக் குறிக்கும் ‘தம’ என்னும் சொல்லும் அவ்வாறே. வீட்டின் தலைவன் என்னும் பொருளில் அங்கு அமைந்த ‘தம்பதி’ என்பது, பின்னர் வீட்டுக்குரிய இருவரையும், கணவன் மனைவியரையும், சேர்த்துக் குறிக்கலாயிற்று. அச்சொல்லைத் தமிழரும் ஏற்றுத் திருமண அழைப்பிதழ்தோறும் அச்சிடுகின்றனர். அதே தொடர் கிரேக்கத்திலே ‘டெஸ்பொட்’ ஆயிற்று. வீட்டுத் தலைவன் நாட்டை அடக்கியாளும் கொடுங்கோலனாக மாறிவிட்டான். ஒரே சொல் ஒரு நாட்டிலே மணவறையிலும் இன்னொரு நாட்டிலே கொடுங்கோலனின் அரண்மனையிலும் குடியேறியமை, வீட்டுத் தலைமை எப்படியெல்லாம் நடத்தப்பட்டது என்பதையும் காட்டும் போலும்.

ஆயினும் இத்தகைய ஒப்பீட்டிலே எச்சரிக்கை வேண்டும். ஒலி ஒத்தால் உறவு என்று முடிவுகட்டுதல் ஆகாது. தீமையைக் குறிக்கும் ‘பேட்’ என்னும் ஆங்கிலச் சொல்லும், பாரசீகத்திலே அதே பொருளுடைய ‘பத்’ என்னும் சொல்லும் ஒலியாலும் பொருளாலும் ஒன்றுபோலவே உள்ளன; எனினும் அவற்றிடையே உறவு எதுவும் இல்லையென்பது ஆராய்ந்தோர் முடிபு. மறுபுறம், ‘பில்டிங்’கும் ‘பவன’மும் காதுக்கு ஒத்தனவல்ல, ஒலிமாற்ற விதிகளே அவற்றை இணைக்கின்றன. தமிழ் அந்த இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தினதன்று என்பதையும் மறத்தலாகாது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலே திராவிடமொழிகளைத் தனிக் குடும்பமாக நிறுவினார். பவனமும் பூமியும் தம்பதியும் தமிழுக்கு வடமொழி தந்த விருந்தினர்.

தமிழின் சொந்தச் சொல் ‘கட்டு’. கயிற்றாற் பிணித்தலுக்கும் வீடு அமைத்தலுக்கும் அது ஒன்றே. கம்பு நட்டு, வரிச்சுப் பிடித்து, கிடுகு வேய்ந்து, ஒவ்வொரு முடிச்சாகக் கட்டி வீடு அமைத்தவரின் சொல் அது. ஜேர்மன் மொழியிலும் சுவரைக் குறிக்கும் ‘வான்ட்’ என்பது முறுக்குதல், பின்னுதல் என்னும் வினையிலிருந்து வந்தது. மிலாறுகளைப் பின்னி மண்பூசிய சுவர் அங்கும் இருந்தது. முறைகள் ஒத்திருந்தமையால், தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியிற் சிந்தித்தன.

ஆங்கிலத்திலே கட்டுதலைக் குறிக்க இலத்தீன் வழிவந்த சொற்களும் பல உள. அவற்றை இடமறிந்து ஆள்வதிலேதான் நம் மாணவர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். ‘எரெக்ட்’ என்பது நேராக நிமிர்த்தி நிறுத்துதல். கொடிமரத்துக்கும் சிலைக்கும் பந்தற்காலுக்கும் அது தகும். குருவி தன் கூட்டை ‘எரெக்ட்’ செய்தது என்று கட்டுரையில் எழுதினால் படிப்பவர் நகைப்பர். ‘கொன்ஸ்ட்ரக்ட்’ என்பதன் இலத்தீன் மூலம் அடுக்குதல், குவித்தல் என்பதாகும். உறுப்புகளை முறையாகச் சேர்த்து அமைக்கும் தெரு, இயந்திரம், வாக்கியம், வாதம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும். அடுக்கியதைக் குலைத்தல் ‘டெஸ்ட்ரொய்’. மாணவரின் உள்ளே அடுக்குதல் ‘இன்ஸ்ட்ரக்ட்’. இச்சொல்லின் மூலத்தை எழுத்துக்கு எழுத்து மெய்ப்பிக்கும் ஆசிரியரும் உளர். ‘எடிபை’ என்பது கோயிலும் வீடும் எடுத்தலைக் குறித்த சொல். பவுல் அப்போஸ்தலர் தம் திருமுகங்களிலே சபையை உறுதிப்படுத்துதலுக்கு வீடு கட்டும் வினையைக் கிரேக்கத்தில் ஆண்டமையால், அதன் இலத்தீன் வடிவம் வழியே, இன்று ஆங்கிலத்தில் அது நல்லறிவு புகட்டுதலை மட்டும் குறிக்கிறது. அதனால் இனி ஒரு கொட்டிலும் எடுக்க முடியாது. ‘ஆர்க்கிரெக்ட்’ என்பது கிரேக்கம். தலைமைத் தச்சன் என்று பொருள். அதன் பிற்பாதியான ‘தெக்தோன்’ வடமொழியின் ‘தக்ஷன்’ என்பதற்கு உறவு. படம் வரைந்து மேசையருகே அமர்ந்திருப்பவரின் பட்டமும் உளி பிடித்தவரின் பெயரும் ஒன்றாயிருந்த காலம் அது.

‘பில்டிங்’ என்பது கட்டிக்கொண்டிருத்தல் என்றல்லவா பொருள்படும், கட்டி முடிந்ததை ஏன் அப்படி அழைக்கின்றனர் என்று கேட்கும் கூர்மையான பிள்ளைகளும் உண்டு. பழைய ஆங்கிலத்திலே வினையைப் பெயராக்க ‘உங்’ என்றொரு விகுதி இருந்தது. அது முதலிற் செயலையும், பின்னர்ச் செயலால் விளைந்த பொருளையும் குறித்தது. எழுத்து, ஓவியம், உடை ஆகியவற்றைக் குறிக்கும் ‘றைட்டிங்’, ‘பெயின்ரிங்’, ‘குளோதிங்’ என்பனவும் அத்தகையனவே. தமிழிலே ‘கட்டடம்’ என்பது இந்த மயக்கத்துக்கு இடமளிப்பதில்லை.

சொல் இன்னும் வளர்ந்துகொண்டேயிருக்கிறது. ஒருவரின் உடலமைப்பை ‘பில்ட்’ என்பர். தசையை வளர்த்தல் ‘பொடி பில்டிங்’. அக்கலையை உலகறியச் செய்த சாண்டோ என்பவர் 1901இல் இலண்டன் அல்பேர்ட் மண்டபத்திலே பெரும்போட்டி நடத்தினார். அவர் பெயரே தமிழ்நாட்டில் வலிமையுடையோர்க்குப் பட்டமாயிற்று. கணினி வல்லுநர் தாம் எழுதிய கட்டளைகளை இயங்கும் நிரலாகத் தொகுத்தலையும் ‘பில்ட்’ என்றே அழைக்கின்றனர். அங்கே மரமுமில்லை, மனையுமில்லை.

கட்டுதலும் குடியிருத்தலும் ஒன்றையொன்று எவ்வளவு பற்றியிருக்கின்றன என்பது நூற்களில் மட்டும் காண்பதன்று. 1941ஆம் ஆண்டு மே மாதம் பத்தாந் தேதி இரவு, ஜேர்மன் விமானங்களின் குண்டுவீச்சால் இலண்டனிலே பொதுமக்கள் சபை மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. எவ்வாறு மீளக்கட்டுவது என்ற வினா எழுந்தது. 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் தேதி பிரதமர் சேர்ச்சில் அதுபற்றிப் பேசினார். அப்போது போர் முடியவில்லை. பிறை வடிவிலே, எல்லா உறுப்பினர்க்கும் இருக்கையும் மேசையும் உள்ள பெரிய மண்டபம் வேண்டும் என்போர் இருந்தனர். சேர்ச்சில் இசையவில்லை. எதிரெதிர் வரிசைகளையுடைய பழைய நீள்சதுரமே வேண்டும். அதுவும் எல்லோருக்கும் இடம் போதாத சிறிய அளவிலேயே வேண்டும் என்றார். இடம் பெரிதானால் பெரும்பாலான நாட்களில் வெற்றிடத்தை நோக்கியே பேச நேரும் என்பது அவர் வாதம். கட்டடத்தை மனிதர் உருவாக்குகின்றனர், பின்னர் அது மனிதரை உருவாக்குகிறது என்பதே அவர் கருத்தின் சாரம். அவர் சொன்னதை ஏற்காதவரும் உளர்; எதிரெதிர் அமர்வதாற் பகை வளருமென்பது அவர்கள் கூற்று. ஆனால் சபை அவர் பக்கமே நின்றது.

சேர் ஜைல்ஸ் கில்பேர்ட் ஸ்கொட் வரைந்த படத்தின்படி புதிய மண்டபம் எழுந்தது; 1950ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் தேதி உறுப்பினர் அதிலே கூடினர். வாயில்வளைவு மட்டும், குண்டினாற் சிதைந்த பழைய கற்களைக்கொண்டே சேர்ச்சிலின் விருப்பப்படி எழுப்பப்பட்டது. உள்ளே இருந்த தளபாடங்கள் பொதுநலவாய நாடுகள் அனுப்பியவை. சபாநாயகரின் ஆசனம் அவுஸ்திரேலியாவினது, மேசை கனடாவினது, கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும் தந்தவை. படைக்கலச் சேவிதர் அமரும் நாற்காலி, இரண்டாண்டுகளுக்கு முன்னரே சுதந்திரம் பெற்றிருந்த இலங்கையிலிருந்து சென்றது.